முட்டை, வால், முக்கோணம்: கோணிப்போன நட்சத்திரங்களை நேராக்குவது எப்படி?

கோலார் தங்கவயலில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ராபர்ட்சன்பேட்டை மொட்டைமாடி ஒன்றில் ஏறி வடக்கே பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடக்கூடும். லண்டனில் அதே நட்சத்திரம் 51 பாகை உயரத்தில் இருக்கிறது. தொலைநோக்கிப் பெட்டிக்குள் வரும் கையேடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வானத்தை மனத்தில் வைத்து எழுதியவை. அதை நம்பி மவுண்டை நிறுத்தி, இரண்டு நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்து, படத்தைத் திரையில் பெரிதாக்கினால் நட்சத்திரமெல்லாம் முட்டை முட்டையாக இருக்கும். உடனே பழி கண்ணாடியின் மேல் விழும். ஸ்க்ரூடிரைவர் வெளியே வரும். அதுவரை ஒழுங்காக இருந்த கோலிமேஷனும், அதாவது இரண்டு கண்ணாடிகளையும் ஃபோகஸரையும் ஒரே அச்சில் நிறுத்தியிருந்த ஒழுங்கும், அந்த இரவோடு போகும்.

திருகாணியைத் தொடும் முன் படத்தைப் படிக்க வேண்டும். கோணல் என்ன வடிவம், ஃபிரேமில் எந்த இடத்தில், எந்தத் திசையில் என்ற மூன்றும் தெரிந்தால் கோளாறு கண்ணாடியிலா, கேமராவிலா, மவுண்டிலா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்ட கருவி 200 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டோனியன், அதாவது எஃப்/5. கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். இந்தச் சேர்க்கையில் ஒரு பிக்சலுக்குள் வானத்தின் 0.78 ஆர்க் நொடி அடங்குகிறது. கணக்கு சின்னதுதான், ஆனால் பின்னால் ஒவ்வொரு இடத்திலும் அது தேவைப்படும்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கே நூறு கிலோமீட்டரில் பெங்களூரு. அந்தப் பக்கத்து வானம் வெளிறித்தான் இருக்கும். 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்து விளக்கெரிந்த ஊர் இது. வெளிச்சத்தைப் பற்றிப் புகார் சொல்ல அதற்குக் கொஞ்சம் உரிமை குறைவு. ஆனால் தெற்கு வானம் தங்கவயலுக்குக் கிடைத்த கொடை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உதிக்கவே உதிக்காத ஓமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே ஏறத்தாழ 30 பாகை வரை எழுகிறது. ஈட்டா கரினா நெபுலா 17 பாகை வரை வரும்.

இரண்டு நொடி, இரண்டு நிமிடம்

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரே இடத்தை 2 நொடி எக்ஸ்போஷரில் ஒரு படம், 120 நொடியில் ஒரு படம். இரண்டிலும் நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் நூறு சதவீத அளவில் பார்க்க வேண்டும்.

2 நொடிப் படத்தில் வட்டமாக இருக்கும் நட்சத்திரம் 120 நொடியில் நீண்டுபோனால் கண்ணாடிமேல் தப்பில்லை. மவுண்ட், துருவச் சீரமைப்பு, காற்று, எங்கோ தளர்ந்த ஒரு திருகு, இவற்றில் ஒன்றுதான் காரணம். அப்போது நீட்சி ஃபிரேம் முழுக்க ஒரே திசையில் இருக்கும். 2 நொடிப் படத்திலேயே கோணல் இருந்தால் மட்டும்தான் தொலைநோக்கியின் பக்கம் போக வேண்டும்.

நீட்சி கிழக்கு–மேற்காக இருந்து, சில ஃபிரேம்களில் அதிகமாகவும் சிலவற்றில் இல்லாமலும் வந்தால் அது மவுண்டின் வார்ம் கியர் செய்யும் வேலை. நடுத்தர விலை மவுண்டுகளில் அந்தப் பற்சுருள் ஒரு சுற்று முடிக்க எட்டு முதல் பத்து நிமிடம் எடுக்கும். பிழையும் அதே தாளத்தில் வந்து போகும். ஆட்டோகைடிங் இதைச் சரிசெய்யும். நீட்சி வடக்கு–தெற்காக, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவில் இருந்தால் துருவச் சீரமைப்புதான் பிசகியிருக்கிறது.

பதிமூன்று பாகையின் தொல்லை

மவுண்டின் அச்சு துருவத்திலிருந்து 10 ஆர்க் நிமிடம் விலகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 2.6 ஆர்க் நொடி வரை நகரும். இரண்டு நிமிடத்தில் 5.2 ஆர்க் நொடி. மேலே சொன்ன கேமராவில் அது ஏழு பிக்சல் நீளக் கோடு.

தங்கவயலில் இந்த 10 ஆர்க் நிமிடப் பிழை வருவது மிகச் சுலபம். 13 பாகை உயரத்தில் புழுதியும் தெருவிளக்கும் சேர்ந்து துருவ நட்சத்திரத்தை மங்கடித்துவிடும். போலார் ஸ்கோப்பில் கண்ணை வைக்கத் தரையில் மண்டி போட வேண்டும். போதாக்குறைக்கு, அந்த உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைத்துத் துருவத்தைச் சுமார் 4 ஆர்க் நிமிடம் தூக்கிக் காட்டுகிறது. லண்டனில் இதே பிழை ஒரு ஆர்க் நிமிடத்துக்கும் குறைவு என்பதால் பல கையேடுகள் அதைச் சொல்வதே இல்லை. கைடிங் போட்டால் நகர்வு அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் பிழை பெரிதாக இருந்தால் கைடு நட்சத்திரம் நிற்க, மற்றவை அதைச் சுற்றி மெல்லச் சுழலும். மூலைகளில் வில் வளைவாகத் தெரியும்.

துருவமே தெரியாத மாடிக்கு இரண்டு வழி உண்டு. பி.எச்.டி.2 மென்பொருளில் இருக்கும் டிரிஃப்ட் அலைன்மென்ட் பழைய முறை. பொறுமை வேண்டும், முடிவு நிச்சயம். நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியையும் வைத்துக் கணக்குப் போடும். துருவத்தைச் சுற்றியுள்ள வானத்தைக் கேட்கும் ஷார்ப்கேப் முறை இந்த ஊரில் வடக்கு திறந்த வெளிக்கு மட்டும்தான் ஒத்துவரும்.

இன்னொன்று, கையேடுகளில் கிடைக்காதது. 13 பாகைக்கு அச்சைத் தாழ்த்தும்போது எதிர் எடை கிட்டத்தட்ட நேர்க்கீழாகத் தொங்கி, முக்காலியின் வடக்குக் காலை நோக்கிச் சாய்கிறது. சில மவுண்டுகளில் அது காலில் போய் முட்டும். முட்டிய நேரத்தில் மோட்டார் திணறி, அதுவரை நன்றாக இருந்த படம் திடீரென்று கோடாகிவிடும். இரண்டு கால்கள் வடக்கை அணைத்து நிற்க, ஒரு கால் தெற்கே போகும்படி முக்காலியைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத மவுண்டு என்றால் நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண்.

முக்காலி நிற்கும் தரையும் படத்தில் தெரியும். ஊரைச் சுற்றிக் கிடக்கும் சயனைடு மேடுகள் உயரமானவை, திறந்தவை. அங்கே போய் வைத்தால் என்ன என்று தோன்றும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடும்வரை நூறு வருஷத்துக்கும் மேலாகத் தாதுவைப் பொடியாக்கித் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. மாவு போன்ற அந்த மண்ணில் முக்காலியின் கால் இரவு முழுக்க மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்குச் செய்த சீரமைப்பு பத்து மணிக்குச் செல்லாது. அதைவிட முக்கியம், காற்றடித்தால் கிளம்பும் தூள் மூச்சுக்கும் ஆகாது, கண்ணாடியின் அலுமினியப் பூச்சுக்கும் ஆகாது. அங்கே போகவே வேண்டாம். சிமெண்டுத் தரையுள்ள மொட்டைமாடி போதும். வேறு யாரும் அந்த நேரத்தில் மாடியில் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வால் முளைத்த நட்சத்திரங்கள்

2 நொடிப் படத்திலேயே கோணல் இருந்தால், அடுத்த கேள்வி: எங்கே?

நடுவில் வட்டம், ஓரம் போகப்போக வால். வாலின் அகன்ற முனை ஃபிரேமின் வெளிப்பக்கம் பார்க்கிறது. இது கோமா. கோளாறு அல்ல, பரவளையக் கண்ணாடியின் பிறவிக் குணம். நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி விழும் நட்சத்திரத்துக்கு எஃப்/5 கண்ணாடி கொடுக்கும் வாலின் நீளம் 75 மைக்ரான், அதாவது 20 பிக்சல். ஒளியின் பெரும்பகுதி தலைப்பக்கம் குவிந்திருப்பதால் கண்ணுக்கு அவ்வளவு நீளம் தெரியாது. எஃப்/4 என்றால் 117 மைக்ரான். எஃப்/8 என்றால் 29. நல்ல கோலிமேஷன் கோமாவைப் போக்கும் என்று பலர் நம்புகிறார்கள். போக்காது. வாலில்லாத வட்டாரத்தை ஃபிரேமின் நடுவுக்குக் கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை. இதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது: படத்தில் உருண்டையான நட்சத்திரங்கள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்து, நடுவிலேயே வால் தெரிந்தால் கோலிமேஷன் தவறு.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். தங்கவயலுக்குத் தென்கிழக்கே வான்வழியாக எழுபது கிலோமீட்டர் சுமாரில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986 ஜனவரி 6 அன்று வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி எஃப்/3.25. அதன் முதன்மைக் குவியத்தில் கேமராவை வைக்கும்போது முன்னால் திருத்தி லென்ஸ்கள் தேவைப்படுகின்றன. அதே காவலூரில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணும் கணித மேதை ராமானுஜனின் பெயரும் அதற்குக் கிடைத்தன. அகன்ற வானத்தை வாலில்லாமல் பிடிக்கவென்றே உருவான ஷ்மிட் வகைத் தொலைநோக்கி, 45 செ.மீ. அளவில், அந்த வேலைக்குப் பயன்பட்டது.

மொட்டைமாடிக்கு உரிய திருத்தி கோமா கரெக்டர். அதை வாங்கிவிட்டால் மட்டும் தீராது. கரெக்டரின் விளிம்பிலிருந்து சென்சாருக்குள்ள தூரம் சரியாக இருக்க வேண்டும். பல மாடல்களுக்கு அது 55 மி.மீ. கேனன் டி.எஸ்.எல்.ஆரின் உடலுக்குள் 44 மி.மீ., டி-வளையம் 11 மி.மீ., கூட்டினால் 55. நைகானில் 46.5, வளையம் 8.5. மிரர்லெஸ் கேமராவில் உள்தூரம் மிகக் குறைவு (கேனன் ஆர்.எஃப். 20 மி.மீ., சோனி ஈ 18 மி.மீ.), மீதியை வளையத்தால் நிரப்ப வேண்டும். நடுவில் 2 மி.மீ. கண்ணாடி ஃபில்டர் செருகினால் அதன் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.7 மி.மீ., கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிறகு அரை அரை மில்லிமீட்டராக மாற்றி மூலைகளைப் பார்க்க வேண்டியதுதான். கடையில் அந்தக் கனத்தில் வளையம் கிடைக்காவிட்டால் கவலையில்லை. சுரங்கமும் பி.இ.எம்.எல். தொழிற்சாலையும் தலைமுறை தலைமுறையாக டர்னர்களையும் ஃபிட்டர்களையும் வளர்த்த ஊர் இது. அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்து தர ஆள் கிடைக்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்து வரைந்து கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கோமா இல்லை, சாய்வு. கேமராவைக் கழற்றாமல் 90 பாகை திருப்பி இன்னொரு படம் எடுக்க வேண்டும். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் இருந்தால் சென்சாரோ அதோடு சுழலும் வளையமோ சாய்ந்திருக்கிறது. வேறு மூலைக்குப் போனால் ஃபோகஸர் கேமராவின் கனத்தில் தொங்குகிறது. விலை குறைந்த நியூட்டோனியன்களில் இரண்டாவதுதான் வழக்கம்.

முக்கோணமும் கடித்த அப்பமும்

ஃபிரேம் முழுக்க நட்சத்திரங்கள் மூன்று மூலை கொண்டு முக்கோணமாக இருக்கின்றனவா? பெரிய கண்ணாடியை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். குழாயின் அடியில் கண்ணாடியைத் தாங்கும் கிண்ணத்தில் மூன்று கிளிப்புகள் உண்டு. அவை கண்ணாடியை அழுத்தக் கூடாது. தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் போய்வர வேண்டும். போகாவிட்டால் திருகைக் கால் சுற்று தளர்த்தலாம். மாலையில் நன்றாக இருந்து பின்னிரவுக் குளிரில் மட்டும் முக்கோணம் வந்தால் சந்தேகமே வேண்டாம்: உலோகக் கிண்ணம் குளிரில் சுருங்கிக் கண்ணாடியை நெரிக்கிறது.

நட்சத்திரம் நீள்வட்டமாக இருந்து, ஃபோகஸை உள்ளே தள்ளும்போது ஒரு திசையிலும் வெளியே இழுக்கும்போது அதற்குச் செங்குத்தாகவும் நீண்டால் அது அஸ்டிக்மாடிசம். துணைக் கண்ணாடி பசையில் இறுகிப்போயிருந்தாலும் பெரிய கண்ணாடி வளைந்திருந்தாலும் வரும். திசை மாறவில்லையென்றால் மறுபடி மவுண்டைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

பிரகாசமான நட்சத்திரங்களில் ஒரு துண்டு மட்டும் கடித்தெடுத்த அப்பம்போல் குறைந்திருந்தால் காரணம் எளிது. கேமராவுக்கு ஃபோகஸ் கிடைப்பதற்காக ஃபோகஸர் குழாயை உள்ளே தள்ளித் தள்ளி, அது ஒளி வரும் பாதையில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. நீளமான போல்ட்டுகள் போட்டுப் பெரிய கண்ணாடியை மேலே ஏற்றினால் குழாயை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கதிர்கள் தெரிவது கோளாறில்லை. துணைக் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகள் உண்டாக்கும் விளைவு அது. ஹப்பிள் படங்களிலும் இருக்கிறது. கதிர் இரட்டையாகப் பிரிந்தால் மட்டும் எதிரெதிர்த் தகடுகள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். தெற்கே தாழ்ந்து நிற்கும் ஈட்டா கரினா படத்தில் நட்சத்திரங்கள் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக இருப்பதும் தொலைநோக்கியின் குற்றமல்ல. 17 பாகையில் காற்றுமண்டலமே ஒளியைப் பிரிக்கிறது. அது உச்சிக்கோட்டைத் தாண்டும் நேரத்தில் எடுப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

ஃபோகஸையும் மறக்க வேண்டாம். எஃப்/5இல் பிழை தாங்கும் இடைவெளி 0.06 மி.மீ. அளவுதான். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தாலே அவ்வளவு சுருங்கிவிடும். ஃபோகஸ் விலகினால் மற்ற எல்லாக் குறையும் இரண்டு மடங்காகத் தெரியும். மணிக்கொரு முறை பாடினோவ் மாஸ்க்கை மாட்டிச் சரிபார்க்க வேண்டும்.

சோதிக்கும் கருவியைச் சோதிப்பது

1990 ஏப்ரல் 24இல் ஏவிய ஹப்பிளின் 2.4 மீட்டர் கண்ணாடி விளிம்பில் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. தேய்த்தவர்கள் கவனக்குறைவாக இல்லை; அளந்து அளந்துதான் தேய்த்தார்கள். அளக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறியிருந்தது. வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை அவ்வளவு துல்லியமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தி ஒளியியலைப் பொருத்த வேண்டியதாயிற்று.

மொட்டைமாடியில் இதற்கு இணையானது லேசர் கோலிமேட்டர். விலை மலிந்த லேசர்களில் பல, பெட்டியிலிருந்து வரும்போதே கோணலாக வருகின்றன. ஒரு பலகையில் நான்கு ஆணிகளை இரண்டு ‘வி’ வடிவமாக அடித்து, அதன்மேல் லேசரைக் கிடத்தி, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே உருட்ட வேண்டும். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்ல லேசர். வட்டம் போட்டால், அதை வைத்துச் செய்த கோலிமேஷனும் அந்த வட்டத்தின் அளவுக்குத் தப்பு. எப்படியும் கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்திடம்: தலைக்கு மேலே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து ஃபோகஸைக் கொஞ்சம் குலைத்தால் வளையங்கள் ஒரே மையத்தில் நிற்க வேண்டும்.

ஹப்பிள் மங்கலாகப் பார்த்த அந்த மூன்றரை வருஷமும் வானியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் தனித்தனியாக வெளியிட்ட கணக்கு முறையால் படங்களைக் கூராக்கினார்கள். அதே முறை இன்று இலவச மென்பொருளான சிரிலில் டீகான்வல்யூஷன் என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் சாதாரணமாக அது ஃபிரேம் முழுமைக்கும் ஒரே நட்சத்திர வடிவத்தை வைத்துக் கணக்கிடும். மவுண்டினால் வந்த நீட்சிக்கு அது பொருந்தும். மூலைக்கு மூலை திசை மாறும் கோமாவுக்குப் பொருந்தாது. 2022இல் ரஸ்ஸல் குரோமன் வெளியிட்ட பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் இடத்துக்கு இடம் வேறுபடும் கோணலையும் திருத்துகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும், அதை ஓட்டும் பிக்ஸ்இன்சைட் மென்பொருளும் காசுதான்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிரில் ஒவ்வொரு ஃபிரேமிலும் நட்சத்திரங்களின் வட்டத்தன்மையை அளந்து எண்ணாகத் தரும். 1 என்றால் முழு வட்டம். அடுக்கும்போதே மோசமான எண் உள்ள ஃபிரேம்களைத் தள்ளிவிட்டால் பாதிக் கோணல் அங்கேயே போய்விடும். டீகான்வல்யூஷனை எப்போதும் படத்தை ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டும். சென்சாரில் நிரம்பி வழிந்த நட்சத்திரங்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது, சுற்றிலும் கறுப்பு வளையம்தான் வரும். அதனால் இந்த வழியில் போக நினைக்கும் இரவில் எக்ஸ்போஷரை 120 நொடியிலிருந்து 60க்குக் குறைத்து ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. ஓமேகா செண்டாரியின் நெரிசலான நடுப்பகுதிக்குத் தனியாக 30 நொடிப் படங்கள் சில எடுத்து வைத்துக்கொள்ளலாம்.